பத்து ரூபாய் அட்டையும் கடையின் பெயரும்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு இந்தச் சரக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஷாம்புச் சரத்துக்கும் ஊறுகாய்ச் சரத்துக்கும் நடுவே பளபளவென்று தொங்கும் போக்கிமான் அட்டைப் பாக்கெட்டுகள். சிறியது பத்து ரூபாய். டப்பாவில் வருவது ஐம்பதோ நூறோ. மாலையில் பள்ளி மணி அடித்த அரை மணி நேரத்தில் சரம் காலியாகிவிடுகிறது. பிஸ்கட்டில் கிடைக்காத லாபம் இதில் கிடைக்கிறது. எலி கடிக்காது, வண்டு விழாது, காலாவதித் தேதியும் கிடையாது. லைன் வண்டியில் வருகிறவர், "அடுத்த வாரம் இன்னும் நாலு சரம் போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதே நமது கருத்து. பத்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே இருக்கிற அத்தனை அட்டையும் தங்க நிறத்தில் மின்னுகிறது என்றால் அது போலி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வாங்கி விற்கிற நமக்கும் உள்ளூர அது தெரியும். துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் கொதித்துப் போகிறோம். மிளகில் பப்பாளி விதை தட்டுப்பட்டால் மூட்டையோடு திருப்பி அனுப்புகிறோம். அட்டை விஷயத்தில் மட்டும் "பிள்ளைகள் சமாசாரம்தானே" என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகள் கொண்டு வருவதும் அதே பத்து ரூபாய் நோட்டுதான்.

சரக்கு என்ன என்று தெரியாமலே விற்கிறவர்களும் நம்மில் இருப்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறோம். இந்த அட்டை விளையாட்டு ஜப்பானில் 1996 அக்டோபரில் வந்தது. ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. 2003-லிருந்து அந்தப் பொறுப்பு போக்கிமான் நிறுவனத்தின் கைக்கே போய்விட்டது. இருவர், ஆளுக்கு 60 அட்டை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் இது. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆடுவதே இல்லை, சேர்க்கத்தான் சேர்க்கிறார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சாதாரண அட்டைகளோடு எப்போதாவது ஓர் அரிய அட்டை வரும். அந்த 'எப்போதாவது'தான் வியாபாரமே. 2025 மார்ச் வரை உலகம் முழுவதற்கும் அச்சடித்த அட்டைகள் 7,500 கோடிக்கு மேல் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது. ஆகவே போக்கிமான் அட்டை என்ற ஒரே காரணத்தால் எதுவும் அரிய பொருளாகிவிடாது.

நமக்கும் இது முற்றிலும் புதிய வியாபாரம் இல்லை. எண்பதுகளில் பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரர் படம் கிடைத்தது. தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு கட்டுக் கட்டாக விற்றது. அப்போது யாரும் அந்த அட்டைக்கு மறுவிலை கேட்டதில்லை. இன்று எட்டாம் வகுப்புப் பையன் "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மறுவிலை உள்ள பொருளில் போலி புகுந்தால் அது பொம்மை விஷயமாக இருப்பதில்லை, பண விஷயமாகிவிடுகிறது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் வியாபாரக் கணக்கால் பாருங்கள். அரிய அட்டையை ஆயிரத்தில் ஒன்றாக வைத்துத்தான் அந்த நிறுவனம் பிழைக்கிறது. அதையே பாக்கெட் முழுக்க அடைத்துப் பத்து ரூபாய்க்குத் தர அதற்கு என்ன பைத்தியமா? முந்திரிப் பருப்பு கிலோ நூறு ரூபாய் என்று ஒருவர் கொண்டு வந்தால் பையைப் பிரித்துப் பார்க்கும் முன்பே நாம் சிரித்துவிட மாட்டோமா? தங்க நிறத்தில் அசல் அட்டையும் உண்டுதான். உலோக அட்டைகூட 2021-ல் 25-ஆம் ஆண்டு நினைவாக, விலை கூடிய ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். ஆனால் சாதாரணப் பாக்கெட்டில் அள்ளிப் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. அசல் அட்டை 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். போலியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். மூலையின் வளைவும் ஒரே மாதிரி இருக்காது. தடிமனும் இப்படித்தான்: சிலது கல்யாணப் பத்திரிகை மாதிரி விறைப்பு, சிலது பிளாஸ்டிக் தாள் மாதிரி வழுக்கல். விலை கூடிய அசல் அட்டைகளில் பளபளப்பின் மேலேயே மெல்லிய வரிகள் பதித்திருக்கும்; நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று தெரியும். போலியில் கண்ணுக்கு மினுமினுப்பு உண்டு, விரலுக்கு ஒன்றும் தெரியாது. பின்பக்க நீல நிறத்தையும் கவனியுங்கள். போலியில் வெளுத்திருக்கும் அல்லது ஊதா அடித்திருக்கும். எழுத்துப் பிழைகளும் ஏராளம். போக்கிமான் என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் சின்னக் கோடு உண்டு. அவசரத்தில் அடித்த சரக்கில் அது காணாமல் போயிருக்கும். இதையெல்லாம் கடைக்கு வரும் பத்து வயதுப் பையன் நம்மைவிட நன்றாகச் சொல்வான். தெரிந்தும் வாங்குவான், நண்பன் வைத்திருக்கிறானே என்பதற்காக.

வெளிச்சச் சோதனை அடுத்தது. அசல் அட்டை ஒற்றைத் தாள் இல்லை. இரண்டு தாள்களுக்கு நடுவே கறுப்பான ஓர் அடுக்கை வைத்து ஒட்டியது. வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அட்டைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்தால் அசலில் வெளிச்சம் அடங்கித் தெரியும். போலியோ எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளிரும். விளிம்பை உற்றுப் பார்த்தாலும் நடுவே மெல்லிய கருங்கோடு தெரியும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வெவ்வேறு ஆண்டுகளில் அச்சான அட்டைகள் வெவ்வேறு அளவுக்கு வெளிச்சம் விடும். அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. கிழித்துப் பார் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கிழித்தால் நடு அடுக்கு தெரியும், உண்மைதான். அசலாக இருந்துவிட்டால் யார் காசு கொடுப்பது?

எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது லென்ஸ் சோதனை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிறாரே, ஜவுளிக்கடைக்காரர் இழை எண்ண வைத்திருக்கிறாரே, அந்த வகைக் கண்ணாடி போதும். ஆஃப்செட் அச்சில் படம் என்பது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல் கூடி நிற்பதுதான். நம் சிவகாசிக் காலண்டரை லென்ஸில் பார்த்தால் இது விளங்கும். அசல் அட்டையில் படம்தான் அப்படிப் புள்ளியாக இருக்கும். எழுத்துகளையும் கறுப்புக் கோடுகளையும் தனிக் கறுப்பு மையால் அடித்திருப்பதால் அவை விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். போலி தயாரிப்பவன் அசல் அட்டையை ஸ்கேன் செய்து அப்படியே திரும்ப அடிக்கிறான். அதனால் எழுத்தும் சேர்ந்து புள்ளியாக உடைந்துவிடுகிறது. வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த எழுத்து, லென்ஸில் வண்ணப் புழுதியாகத் தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

அட்டை அசலாக இருந்தும் பாக்கெட் மோசடியாக இருப்பது உண்டு. பாக்கெட்டைப் பதமாகப் பிரித்து, நல்ல அட்டையை உருவிக்கொண்டு, திரும்ப ஒட்டி விற்கிறார்கள். ஓரத்து மடிப்பில் பசைக் கறையோ சுருக்கமோ இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள். இன்னொரு தந்திரத்தைக் கேட்டால் நம் தராசுக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். பழைய பாக்கெட்டுகளில் மினுமினுப்பு அட்டை உள்ளே இருந்தால் எடை துளி கூடும். அமெரிக்காவில் சிலர் தங்கத் தராசு மாதிரி நுட்பமான தராசில் ஒவ்வொரு பாக்கெட்டாக நிறுத்தி, கனமானதைத் தாங்கள் வைத்துக்கொண்டு, லேசானதை ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி முழு விலைக்கு விற்றார்கள். எடைக் குறைவு மோசடி நம் மளிகைக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏமாற்றவும் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் டாப்ஸ் என்ற பபிள்கம் நிறுவனம் 1952-ல் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. கடைசித் தவணைச் சரக்கு தாமதமாக, சீசன் முடிகிற நேரத்தில் வந்ததால் விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் கிடந்தது. யாருக்குத் தள்ளிவிடப் பார்த்தும் எடுப்பாரில்லை. கடைசியில் 1960-ல், இடத்தை அடைக்கிறதே என்று, அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கரே மிச்சத்தைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்ததாகப் பின்னாளில் சொன்னார். கடலுக்குப் போகாமல் தப்பிய அதே தவணையைச் சேர்ந்த மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்.

இதைப் படித்ததும் நம்மில் சிலருக்குப் பரணில் கிடக்கும் பழைய சரக்கு ஞாபகம் வரும். அவசரப்பட வேண்டாம். இந்த மாதிரிக் கதைகள் பரவி, அட்டை என்றால் முதலீடு என்று அமெரிக்கர்கள் எண்பதுகளின் கடைசியில் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். கடைக்காரர்களும் கிடங்கை நிரப்பினார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. 1987 முதல் 1991 வரை வந்த அந்தச் சரக்கில் பெரும்பகுதி, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வாங்கின விலையை ஒட்டியே நிற்கிறது. வட்டிக் கணக்குப் போட்டால் முழு நஷ்டம். மேண்டில் அட்டை விலை ஏறியதற்குக் காரணம், மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள், சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், கடலில் கொட்டினார்கள் என்பதுதான். எல்லோரும் பத்திரப்படுத்துகிற பொருள் விலை ஏறாது.

ஆகவே ஓர் அட்டைக்கு விலை சொல்வதற்கு முன் அது எந்த அச்சு என்று பார்க்க வேண்டும். போக்கிமானில் ஊரறிந்த உதாரணம் சாரிசார்ட் என்ற டிராகன் படம். 1999 முதல் தொகுப்பில் 102 அட்டைகள். அதில் இது நாலாம் எண். அட்டையின் கீழ் ஓரத்தில் 4/102 என்று இருக்கும். படத்துக்கு இடப்பக்கம் கீழே முதல் பதிப்பு முத்திரை இருந்து, அப்பழுக்கில்லாத நிலையில் சான்று பெற்ற ஒரு பிரதி 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்குப் போனது. அதே படம், அதே எண். முத்திரை இல்லாமல், படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழலோடு வந்த பின்னச்சு, பிள்ளைகள் ஆடித் தேய்த்த நிலையில், சில நூறு டாலர் பெறும். 2021-ல் வந்த மறுபதிப்பிலும் அதே 4/102 உண்டு. பையன் கொண்டு வந்து காட்டுவதோ பத்து ரூபாய்ப் பாக்கெட்டின் தங்க டிராகன்! யூடியூபில் லட்சக்கணக்கில் சொல்கிறார்களே என்று தகப்பனாரும் கூடவே வந்து நிற்கிறார். நமது உறுப்பினர் ஒருவர் கடையில் இப்படி வந்த ஒருவர், "உங்கள் கடையில்தான் வாங்கினோம், அசல் என்றுதானே கொடுத்தீர்கள்" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாலு பேர் காதில் விழுந்த பேச்சை எப்படித் திருப்பி வாங்குவது?

இரண்டாவது, அட்டையின் நிலை. எட்டு மில்லி பச்சை ஏலக்காய்க்கும் வெடித்து வெளுத்த ஏலக்காய்க்கும் ஒரே விலை சொல்வோமா? அட்டையிலும் மூலை மழுங்கல், விளிம்பில் வெள்ளை, மேற்பரப்பில் கீறல், படம் நடுவில் நிற்கிறதா என்று நான்கையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். இதற்கென்றே அமெரிக்காவில் 1991 முதல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகிறது. ஒரு மதிப்பெண் குறைந்தால் விலை பாதியாகிவிடுவது சாதாரணம். அட்டைக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கல்லாப் பெட்டியில் வைக்கிற நம் வழக்கம் இந்தத் தொழிலுக்கு உதவாது. ரப்பர் பேண்ட் பட்ட இடத்தில் விளிம்பு பள்ளமாகி, பணமும் போய்விடும்.

மூன்றாவது, கேட்கிற விலை வேறு, போகிற விலை வேறு. மண்டியில் இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். இண்டர்நெட்டில் ஒருவர் ஓர் அட்டைக்கு ஐந்து லட்சம் என்று போட்டிருந்தால் அது அவர் ஆசை. ஈபே தளத்தில் விற்று முடிந்தவை என்று தனியாகவே பார்க்கலாம். அமெரிக்க விலைக்கு டி.சி.ஜி. பிளேயர், ஐரோப்பிய விலைக்குக் கார்ட்மார்க்கெட் என்ற தளங்கள் இருக்கின்றன. ஒரே அட்டை, ஒரே நிலையில் கடைசியாகப் போன ஐந்தாறு விலைகளைப் பார்த்து, அதில் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அங்கே போகிற விலைதான். நம் ஊரில் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்க வேண்டும். விற்க ஆறு மாதம் ஆகலாம், அதற்குள் மறுபதிப்பு வந்து விலை விழலாம். ஊரடங்கு நாட்களில், 2020, 2021-ல் ஏறிய பல அட்டைகள் 2022-ல் இறங்கியதைப் பார்த்தோம். ஆகவே வாங்கும்போது போகிற விலையில் பாதியை ஒட்டிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. காரணத்தைச் சொல்லியே கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் பெரியவர் கூட இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பதினெட்டு வயது ஆகாதவரோடு செய்த வியாபாரம் சட்டப்படி செல்லாது என்பதோடு, அந்த அட்டை யாருடையது என்ற சிக்கலும் நம் தலையில் விழும்.

சான்று இருக்கிறதே, பேழை இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்வதும் ஆபத்து. பேழையையும் மேலே உள்ள சீட்டையும் சேர்த்தே போலி செய்கிறார்கள். அசல் சான்று எண்ணையே காப்பி அடித்துவிடுவதால், எண்ணைச் சரிபார்த்தால் போதாது; நிறுவனத்தின் தளத்தில் உள்ள படத்தோடு அட்டையையும் ஒப்பிட வேண்டும். பெரிய கைகளே இதில் சூடுபட்டிருக்கின்றன. பி.எஸ்.ஏ. முதன்முதலில் சான்று கொடுத்தது, 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட் பெட்டியோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டைக்கு. பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அது 2007-ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. பிறகு 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீர்படுத்தியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். யூடியூப் பிரபலம் லோகன் பால் 2021 டிசம்பரில் பிரிக்காத முதல் பதிப்பு போக்கிமான் பெட்டி என்று 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அடுத்த மாதம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஜி.ஐ. ஜோ என்ற வேறு பொம்மை அட்டை. இதற்கும் நிபுணர் சான்று இருந்தது. இன்னொன்று, 1996-ஆம் ஆண்டின் முன்மாதிரிகள் என்று சான்றோடு விற்ற சில அட்டைகள். கலர் லேசர் பிரிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் அச்சான தேதியைப் பதித்துவிடும். 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் அந்தப் புள்ளிகளைப் படித்தபோது 2024 என்று வந்தது. சான்றுத் தொழில் செய்கிறவர்கள் கவனிக்காததை வாங்கியவர்கள்தான் கவனித்தார்கள்.

இந்தப் போலி வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2021-ல் ஷாங்காய் விமான நிலையத்தில் நெதர்லாந்துக்குப் புறப்பட்ட போலி போக்கிமான் அட்டைகளைச் சுங்கத் துறை பிடித்தது. எடை 7.6 டன்! அரிசி லாரி போல அட்டை லாரி. அதில் பிடிபடாமல் வருவதன் கடைசித் துணுக்குத்தான் நம் கடைச் சரத்தில் தொங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வர்த்தகச் சின்னங்கள் சட்டம், 1999, பிரிவு 104. போலிச் சின்னம் பொறித்த பொருளை விற்றாலும், விற்பதற்காக வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம். சிறப்புக் காரணம் எழுதினால் மட்டுமே நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். பத்து ரூபாய்ச் சரக்கு என்று சட்டத்தில் தனிச் சலுகை இல்லை. யார் வேண்டுமானாலும் கடைக்குள் நுழைந்து மிரட்டிவிடவும் முடியாது. இந்தச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டுச் சரக்கைக் கைப்பற்ற டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி வேண்டும், அவரும் முதலில் சின்னப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். இவை நமக்குப் பாதுகாப்பு. அதேபோல் கடைக்காரர் தப்பிக்க ஒரு வழியும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு இருந்தேன், சந்தேகப்படக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினேன் என்ற முழு விவரம் இதோ என்று காட்ட வேண்டும். நம்மிடம் அந்த விவரம் இருக்கிறதா?

இல்லை. மொத்தக் கடையில் தருகிற பில்லில் "பேன்சி அயிட்டம் – 10 சரம்" என்றுதான் இருக்கிறது. பல நேரம் அதுவும் துண்டுச் சீட்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எத்தனை எண்ணிக்கை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, எந்த நாட்டுச் சரக்கு, புகார் சொல்ல வேண்டிய இடம் ஆகியவை பொட்டலப் பொருள் விதிகளின்படி இருக்க வேண்டும். மிளகாய்ப்பொடிப் பாக்கெட்டில் ஒரு வரி விட்டுப்போனால் எடையளவு அதிகாரிக்குப் பதில் சொல்கிற நாம், இதில் ஒரு வரிகூட இல்லாததை எப்படி எடுத்துத் தொங்கவிடுகிறோம்?

எதிர்வாதம் உண்டு. நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார். ஏழைப் பிள்ளைக்கு அசல் வாங்கக் காசு ஏது. விளையாடிவிட்டுத் தூக்கிப்போடப் போகிற பொருளுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்கிறார்கள். முதல் வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. கலப்பட எண்ணெய்க்கும் அதே வாதத்தைத்தான் சொன்னார்கள். ஏழைப் பிள்ளை வாதத்தில் நியாயம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு விளையாட ஒரு கட்டு அட்டை வேண்டும் என்றால், யாருடைய சின்னத்தையும் திருடாத அட்டை எத்தனையோ இருக்கிறது. விலங்குப் படம், கிரகப் படம், நாட்டுக் கொடி என்று நம்மவர்களே அச்சடிக்கிறார்கள். அதை விளையாட்டு அட்டை என்றே சொல்லி விற்கலாம். அசல் வாங்க வருகிறவர் வேறு ஆள். அவருக்கு விற்க விரும்பினால், இறக்குமதியாளர் பெயரும் விலையும் அச்சிட்ட, பில்லோடு வருகிற சரக்கை நாலு பாக்கெட் வாங்கி வைத்துப் பாருங்கள். ஓடினால் மேலும் வாங்கலாம். சாதாரண அசல் அட்டை ஒன்றையும் ஒரு லென்ஸையும் கல்லாவில் போட்டு வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கடைசியாகச் சொல்ல இருப்பது மொத்த வியாபாரிகளுக்குக் கசக்கும். அவர்களும் இந்த இதழின் வாசகர்கள், நம் சங்கத்தின் உறுப்பினர்கள் என்பதால் நேராகவே சொல்கிறோம். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள். பிடிபட்டால் கோர்ட்டுக்கு நடப்பவர் பெட்டிக்கடைக்காரர். ஆகவே அடுத்த செயற்குழுவில் இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும்: அட்டை, பொம்மை, ஸ்டிக்கர் எதுவானாலும் பில்லில் பொருளின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் எழுதப்பட வேண்டும், "பேன்சி அயிட்டம்" என்று எழுதிய பில்லை உறுப்பினர்கள் யாரும் வாங்கக் கூடாது, போலி என்று தெரியவந்த சரத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டு வந்தால் முழுப் பணமும் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். சம்மதிக்காத மொத்தக் கடையிடம் பருப்பு, எண்ணெய் வாங்குவதா வேண்டாமா என்பதையும் அதே கூட்டத்தில் பேசிவிடலாம்.